ரயிலில் ராஜா கதை சொன்னவர்

ஆரம்பாக்கத்தில் ஏறும் அந்த மீசைக்காரர், வேலைக்குப் போகும் எங்களுக்குத் தினமும் ரயிலில் ராஜா கதை சொல்வார். அண்ணன், தம்பி இருவருக்கும் அரியணைச் சண்டை. அவர் அண்ணன் கட்சி. கதை சூடானால் டிபன் டப்பாவைத் தட்டுவார்.

ஒருநாள் அவர் வரவில்லை. வெல்டர் ஒருவர் கதையைத் தொடர்ந்து, தம்பிக்கு முடிசூட்டிவிட்டார். நாங்கள் கைதட்டினோம்.

மறுநாள் இதைக் கேட்டதும் மீசைக்காரர் முகம் கறுத்தது.

"யாரைக் கேட்டுக்கினு முடிசூட்டுன?"

"நீ வரலையேண்ணா. நாடு சும்மா கெடக்குமா?"

"உன் ராஜா நேத்தே பேதியில பூட்டான்."

வெல்டர் அசரவில்லை. "சரிண்ணா, அண்ணனையே ராஜாவாக்கிடறேன்."

"நீ இன்னா ஆக்குறது? அவனும் அதே சாப்பாடுதான் துன்னான்."

அத்தனை நாள் அண்ணனுக்காக வாதாடியவர், அவனைச் சாகடித்துவிட்டு நிம்மதியாக ஜன்னலோரம் சாய்ந்துகொண்டார். ஏன் என்று கேட்க எனக்குக் கூச்சம்.