ஒற்றைக் கண்ணுக்கு ஒரு டாக்டர்

வடக்குப்பட்டு கோவிந்தம்மாவுக்குப் பார்வை உள்ள கண் ஒன்றுதான். இடது கண் பிறவியிலேயே போனதல்ல, பறிக்கப்பட்டது. குழந்தையாக இருந்தபோது கண் சிவந்து வீங்க, குறி சொல்கிற ஒருவர் இலைச் சாறு பிழிந்து ஊற்றினார். கருவிழி வெந்து வெள்ளையாகிவிட்டது. ஊற்றியவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மன் குற்றம் என்றார்கள். தாய்க்காரி தீட்டோடு கோயிலுக்குப் போயிருப்பாள் என்றார்கள். நம் ஊரில் மூடத்தனம் செய்தவன் தப்பித்துக்கொள்வான், பழி எப்போதும் பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலில்தான் வந்து விழும்.

மிச்சமிருந்த கண்ணை வைத்துக்கொண்டு அவர் களையெடுத்தார், சித்தாள் வேலை பார்த்தார், புருஷன் போன பிறகு மகள் நிலாவைப் பட்டப்படிப்புவரை கொண்டு வந்தார். இப்போது ஒரகடத்தில், கார்களுக்கு வயர்க் கட்டு செய்யும் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. முடிந்த கட்டுகளைச் சரிபார்க்கும் மேசை அவருடையது. ஒருநாள் நீல வயரும் ஊதா வயரும் அவருக்கு ஒரே நிறமாகத் தெரிந்தன. பரிசோதித்ததில் கண்புரை என்றார்கள். அறுவை செய்யாமல் தீராது என்றார்கள்.

தம்பி சின்னப்பையன் ஓடி வந்தான். "அக்கா, கீறதே ஒரு கண்ணு. அதுலயும் கத்தி வெச்சி எதுனா ஆயிடுச்சின்னா இன்னா பண்ணுவ? வல்லக்கோட்டை முருகனுக்கு வெள்ளில கண்ணு செஞ்சி போட்றேன்னு வேண்டிக்கோ. அவரு பாத்துப்பாரு."

"அவருக்குப் பன்னெண்டு கண்ணு கீதுடா. ஒண்ணு போனா பதினொண்ணு மிச்சம். எனுக்கு ஒண்ணுதான். நா டாக்டரப் பாக்கறேன், நீ போய் உன் ஷிப்டப் பாரு."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, தம்பியின் பயம் பொய்யில்லை என்று அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு ஒரு கண் கெட்டால் இன்னொன்று இருக்கிறது. அவருக்கு இது தவறினால் அப்புறம் வெளிச்சமே கிடையாது. கத்தி யார் கையில் என்பதுதான் இப்போது கேள்வி.

நிலா முதலில் அழைத்துப் போனது நெடுஞ்சாலை ஓரத்தில் கண்ணாடி மாளிகையாக நின்ற தனியார் கண் மருத்துவமனைக்கு. வரவேற்பறைச் சுவர் முழுக்க டாக்டர் பெரிய மனிதர்களோடு கைகுலுக்கும் படங்கள்.

"கவலையே வேணாம்மா. இதுவரைக்கும் ஒரு கேஸ்கூட எனக்கு ஃபெயில் ஆனதில்ல" என்றார் அந்த டாக்டர்.

"ஒண்ணுகூடவா சார்?"

"ஒண்ணுகூட."

"எனுக்கு ஆபரேஷன் உங்க கையாலயே பண்ணுவீங்களா?"

"அதெல்லாம் எங்க டீம் பாத்துக்கும்."

யோசித்துவிட்டு வருகிறோம் என்று கும்பிட்டு எழுந்துவிட்டார் கோவிந்தம்மா. பேருந்து நிறுத்தத்தில் மகள் வெடித்தாள். "நல்லாதான பேசிகினு இருந்தாரு? பொசுக்குனு எழுந்து வந்துட்ட!"

"எங்க லைன்ல ஒவ்வொரு மேசைகிட்டயும் ஒரு செவப்புத் தொட்டி கீதுடி. தேறாத வயர்க் கட்ட அதுல போடணும். ஷிப்ட் முடியறப்ப ஒருத்தி தொட்டி சுத்தமா காலியா கீதுன்னு வை. அவ கெட்டிக்காரின்னா நெனைக்கிற? தேறாததையும் நல்ல பெட்டில தள்ளிட்டான்னு அர்த்தம். இந்தாளு தொட்டி காலியா கீது."

அடுத்து அரசு மருத்துவமனை. பெஞ்சு கொள்ளாத கூட்டம். டாக்டர் மாரிசெல்வி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பீடி சுற்றிய தாயின் மகள். முதல் நாள் கண்ணைப் பார்த்ததோடு சரி. "வீட்டுல என்னென்ன மாத்திரை சாப்பிடுதீங்களோ, அத்தனை அட்டையையும் கொண்டாங்க. அப்புறம் பேசுவோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வழியெல்லாம் நிலா முணுமுணுத்தாள். கோவிந்தம்மாவுக்கும் எரிச்சல்தான்.

மறுமுறை அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்துவிட்டு டாக்டர் நிமிர்ந்தபோது, கோவிந்தம்மா கேட்டார்: "உன் கையால யாருக்குனா கெட்டுப் போயிருக்காம்மா?"

நிலா அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பின்னால் நின்ற நர்ஸ் பேனாவை நிறுத்திவிட்டார்.

"போயிருக்கும்மா" என்றார் மாரிசெல்வி. "ஒரு பெரியவர். மூத்திரம் சரியா போகணும்னு மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாரு. அந்த மாத்திரை கண்ணுக்குள்ள பாப்பாவச் சுத்தி இருக்க திரையத் தளர்த்திரும். நான் கேக்காம விட்டுட்டேன். பாதி ஆபரேஷன்ல அது தொளதொளன்னு வந்துட்டு. பார்வை வந்துச்சு, ஆனா வரவேண்டிய அளவுக்கு வரலை."

"அப்புறம் இன்னா மாத்துன?"

"மாத்திரை அட்டையப் பாக்காம இப்ப யாரையும் மேசையில ஏத்துறதில்ல. அதுக்குத்தான் உங்களத் திருப்பி அனுப்பினேன்."

அலையவைத்த கோபம் கோவிந்தம்மாவுக்கு அந்த நொடியே போயிற்று. "கத்தி யாரு கையில?"

"என் கையிலதான். இங்க டாக்டர் பிள்ளைங்க படிக்காங்க. ஆனா ஒரே கண்ணு உள்ளவங்கள அவங்ககிட்ட குடுக்கமாட்டேன். உங்களுக்கும் பிசகலாம்மா, பிசகாதுன்னு சத்தியம் பண்ணமாட்டேன். பிசகினா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்."

"நாள் குறிம்மா."

மருத்துவர் முன்னால் வாய் திறக்கக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்படுத்தப்பட்ட மக்கள் நாம். அந்த மக்களில் ஒரு கூலிக்காரப் பெண், தன் கண்ணைத் தொடப்போகிறவரிடம் அவருடைய தோல்வியைக் கேட்டார். கேட்டது தன் உரிமை என்று தெரிந்தே கேட்டார். அதைவிடப் பெரிய பெருமை, கேட்கப்பட்டவர் முகம் சுளிக்கவில்லை. பகுத்தறிவு மேடையில்தான் பிறக்கும் என்று நினைக்கிறவர்கள் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும்.

ஊசி போட்டு மரத்துப்போன கண்ணுக்குள் வேலை நடந்துகொண்டிருந்தபோது கோவிந்தம்மா முழு நினைவோடு கிடந்தார். "அசையாதீங்கம்மா, நல்லா போயிட்டிருக்கு" என்ற குரலைத் தவிர அவருக்கு அங்கே துணை இல்லை. அவர் யாரையும் வேண்டிக்கொள்ளவில்லை. அசையாமல் இருப்பது தன் பங்கு வேலை என்று அதைச் செவ்வனே செய்தார்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். நிலா கட்டிலருகே நின்றாள். சின்னப்பையன் கதவருகே, உள்ளே வரத் துணிவில்லாமல். கோவிந்தம்மா கண்ணைச் சிமிட்டினார். இத்தனை நாளும் மங்கலான வெள்ளை அங்கியாகவும் குரலாகவும் மட்டும் இருந்த டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடிப்பாவி, இம்மாஞ்சின்னப் பொண்ணா நீ? மொதல்லயே தெரிஞ்சிருந்தா ஓடியிருப்பேனே!"

"அத நீங்க கேக்கலையேம்மா" என்றார் மாரிசெல்வி.