மூன்று டிகிரி

பட்டறையில் எல்லாரும் அவளை றெக்கைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். ரேஸ் காரின் பின்புறத்தில் குறுக்குப் பலகை மாதிரி ஒன்று உயர்ந்து நிற்குமே, அந்த றெக்கையைச் செய்வது அவள் வேலை. அதற்கு முன்னால் பத்து வருஷம் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் இடத்தில் இருந்தாள். கண்ணாடி நாரில் நெய்த துணியை அச்சின்மேல் விரித்து, பிசினைப் பிரஷ்ஷால் தடவி, ஒரு காற்றுக் குமிழி மிச்சமில்லாமல் உருளையால் ஓட்டி எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ரேஸ் பட்டறையில் எஞ்சின் வேலை பார்த்த அவள் புருஷன்தான் ஒருநாள் உடைந்த றெக்கை ஒன்றைப் போர்வையில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்து, "இதை ஒட்ட முடியுமா, பாரேன்" என்றார். ஒட்டிக் கொடுத்தாள். எந்த இடத்தில் உடைந்திருந்தது என்று முதலாளியாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த மாதம் அவளையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

அந்தக் காரை ஓட்டினவன் அவள் தம்பி. பன்னிரண்டு வயசு இளையவன், அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். எஞ்சின் மாமாவுடையது, றெக்கை அக்காவுடையது, ஸ்டியரிங் இவனுடையது. "இது காரா, இல்ல நம்ம குடும்பப் போட்டோவா?" என்று கேலி பண்ணுவான்.

அவர்களுடைய அம்மாவுக்கு மட்டும் அந்த வண்டியைக் கண்டாலே பயம். "றெக்கை வேற வச்சிருக்கீங்க. பறந்துடாதா?"

"பறக்காம இருக்கத்தான்மா இந்த றெக்கை. விமானத்து றெக்கையைக் குப்புறப் போட்ட மாதிரி. அது மேல தூக்கும், இது கீழ அழுத்தும். வேகம் கூடக் கூட டயர் ரோட்டைக் கவ்விக்கும். அப்பத்தான் வளைவுல வழுக்காம திரும்பலாம்."

"அப்போ நல்லாச் சாய்ச்சு வச்சுடேன், அழுத்திப் பிடிக்கட்டும்."

"ரொம்பச் சாய்ச்சா காத்து பிடிச்சு இழுக்கும்மா, நேர் ரோட்டுல வேகமே வராது. அந்த இழுப்பையும் மீறி ஓட எஞ்சின்ல தெம்பு வேணும். உங்க மாப்பிள்ளை எவ்வளவு தெம்பு குடுக்கிறாரோ, அதுக்குத் தக்கபடிதான் நான் சாய்க்க முடியும்."

அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, "எல்லாரும் ஒத்துமையா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வருஷத்தின் கடைசி ரேஸுக்கு முதல் நாள், பயிற்சி ஓட்டம் முடிந்து தம்பி ஹெல்மெட்டைக் கழற்றினான். கொஞ்ச நேரம் எஞ்சின் பக்கம் மாமாவோடு நின்று பேசிவிட்டு அவளிடம் வந்தான்.

"அக்கா, பின் றெக்கையை மூணு டிகிரி படுக்க வச்சுடு. முன்னாடி இருக்கிற சின்ன றெக்கையையும் அதுக்கேத்த மாதிரி குறைச்சுடு."

"எதுக்குடா? போன வாரம் வரைக்கும் இதே சாய்வுலதானே ஓட்டினே?"

"நேர் ரோட்டுல எல்லாரும் என்னைத் தாண்டிப் போறாங்க."

"அந்தப் பெரிய வளைவுல பிடிப்பு பத்தாதுடா."

"முன்னாடியே பிரேக் போட்டுக்கிறேன். ஓட்டப் போறது நீயா, நானா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவன்தானே ஓட்டறான். சொல்றதைச் செஞ்சு குடு" என்றார், நிமிராமலே.

மனசு கேட்கவில்லை. ஆனாலும் போல்ட்டைத் தளர்த்தினாள். சாய்வு பார்க்கும் கருவியை றெக்கைமேல் வைத்து, மூன்று டிகிரி குறைத்து, இறுக்கினாள்.

மறுநாள் ரேஸில் பதின்மூன்று சுற்று அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். வளைவுக்கு வெகு தூரத்திலேயே பிரேக் போட்டு அடக்கமாகத் திரும்பினான். பதினான்காவது சுற்றில் இன்னொரு கார் பக்கத்தில் உரசுகிற மாதிரி ஒட்டி வந்தது. விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது, பிரேக் போடக் கொஞ்சம் தாமதித்தான். காரின் பின்பக்கம் தரையை விட்டுவிட்ட மாதிரி விலகிச் சுழன்றது. அவள் நின்ற இடத்திலிருந்து புழுதிதான் தெரிந்தது. சத்தம் பிறகுதான் வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, "நான்தாம்மா குறைச்சேன், நான்தான் குறைச்சேன்" என்று அழுதாள். அம்மா அவளைத் தூக்கவில்லை. "உன் கையாலயாடி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு மகள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

தம்பி பிழைத்தான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவள் வீட்டு முன்னறையில், தலைப்பக்கம் ஏற்றி இறக்கும் இரும்புக் கட்டிலில் நாலு வருஷம் கிடந்தான். அவள் றெக்கை வேலையை விட்டுவிட்டு, பழைய தொட்டிப் பட்டறைக்கே அரைநாள் வேலைக்குப் போனாள். மீதி நேரமெல்லாம் அவனைப் புரட்டிப் படுக்கவைப்பதும், துடைப்பதும், ஊட்டுவதும். அம்மா தினமும் வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, மகளிடம் முகம் கொடுக்காமல் போவாள்.

அவன் வாய் மட்டும் அடங்கவில்லை. "இப்பதான் அக்கா எனக்குச் சரியான அழுத்தம். ரோட்டைவிட்டு எழுந்திருக்கவே முடியல." அவள் சிரிக்கமாட்டாள். ஒருமுறை அவன் காலைத் துடைத்துக்கொண்டே, "நான் முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்டா" என்றாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "விடுக்கா. கேட்டது நான்."

நாலாவது வருஷம், படுக்கைப் புண்ணில் ஆரம்பித்த காய்ச்சல் பத்தே நாளில் அவனைக் கொண்டுபோய்விட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், அவள் புருஷன் அந்தக் கட்டிலைப் பிரிக்க உட்கார்ந்தார். இரண்டு போல்ட்டைக் கழற்றினார். மூன்றாவதில் கை நின்றுபோயிற்று.

"அந்த எஞ்சின் சரியில்ல" என்றார்.

மெத்தை உறையை மடித்துக்கொண்டிருந்த அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த எஞ்சின்?"

"அவன் கடைசியா ஓட்டினது. ரேஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி அளந்து பார்த்தேன். நூத்தி எண்பது ஹார்ஸ்பவர் வரணும், நூத்தி அறுபத்தாறுதான் வந்துச்சு. ஒரு சிலிண்டர் தேஞ்சுபோச்சு. பிரிச்சுச் சரிபண்ண நாள் இல்ல. முதலாளிகிட்ட சொன்னா காரையே இறக்க மாட்டார். என் எஞ்சின் எப்பவும் கல்லு மாதிரி இருக்கும்னு எல்லார்கிட்டயும் பேர் வாங்கி வச்சிருந்தேன். சொல்ல வாய் வரல."

"தம்பிக்கு?"

"ஓட்டறவனுக்குத் தெரியாம இருக்குமா? 'மாமா, எஞ்சின் இழுக்கலையே'ன்னு வந்து கேட்டான். றெக்கையைக் குறைச்சா நேர் ரோட்டுல சமாளிச்சுடலாம்னு நான்தான் சொன்னேன். 'அக்காவுக்கு எஞ்சின் விஷயம் தெரிஞ்சா ரேஸே வேண்டாம்னுடுவா, போல்ட்டைத் தொடவே மாட்டா, நானா கேட்ட மாதிரி கேட்டுக்கிறேன்'னான்."

அவளுக்கு முதலில் கோபம் வந்தது தம்பிமேல்தான். நாலு வருஷம் அவள் கண்ணைப் பார்த்துப் பார்த்துப் பேசினவன், மாமாவைக் காட்டிக்கொடுக்காமலே போய்விட்டான். அவனைப் பிடித்து உலுக்கக் கட்டிலில் ஆள் இல்லை.

"நான் அழுதப்பல்லாம் நீங்க பக்கத்து ரூம்லதானே இருந்தீங்க?" என்று கேட்டாள். "காதுல விழுந்துதா?"

"விழுந்துது."

அவள் கத்தவில்லை. மெத்தை உறையைக் கீழே போட்டாள். "எழுந்திருங்க. இதை அப்படியே அம்மாகிட்ட வந்து சொல்லுங்க."

அம்மா வீடு இரண்டு தெரு தள்ளி. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கிழிந்த தலையணை உறையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். மருமகனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் அப்படிக் கேட்டப்ப, நீ ஏன்டி என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசல?"

"பேச என்னம்மா இருந்துச்சு? என் கைதானே."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கொஞ்சம் தேறினதும், "மாப்பிள்ளை, நீங்க போங்க. கொஞ்ச நாளைக்கு என் கண்ணுல படாதீங்க" என்றாள். அவர் போனபிறகு, "குடிக்கத் தண்ணி குடுடி" என்று கேட்டாள். அவள் கொண்டுவந்து கொடுத்த டம்ளரை வாங்கினாள். ஆனால் குடிக்கவில்லை. அப்படியே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவரே முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வேலையை விட்டார். இப்போது ஜெனரேட்டர் பழுது பார்க்கிறார். அவள் அவரைவிட்டுப் போகவில்லை. எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இருப்பது எப்படி என்றும் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்தே சமைக்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். உண்மை தெரிந்தால் நெஞ்சில் உள்ள பாரம் இறங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளுக்கு அப்படி ஒன்றும் இறங்கவில்லை. முன்பு தன்மேல் மட்டும் இருந்த கோபம் இப்போது தன்மேல், தம்பிமேல், புருஷன்மேல் என்று மூன்றாகப் பிரிந்து நின்றது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வருகிறாள். கட்டில் இல்லாத முன்னறையில் இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து அவனைப்பற்றிப் பேசுகிறார்கள். அம்மா கிளம்பிப் போகிறவரைக்கும் அவர் சமையலறையிலேயே இருக்கிறார்.