லேசாக இழுத்த ஃபிளாஞ்ச்

எவ்வளவு தெரிந்துகொண்டால் ஒருவருக்குப் போதும்? ஒரு ரசாயன ஆலையில் பத்தொன்பது ஆண்டுகள் ஸ்டோர் பொறுப்பில் இருந்தவளின் வாழ்க்கை எனக்கு வைத்த கேள்வி இது. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும்.

குழாயோடு குழாயை இணைக்கும் வளையம்தான் ஃபிளாஞ்ச். நீராவிக்குக் கார்பன் எஃகு போதும். நைட்ரிக் அமிலத்துக்கு ஸ்டெயின்லெஸ்தான், கார்பன் கரைந்துவிடும். கார்பனைக் காந்தம் கப்பென்று பிடிக்கும், ஸ்டெயின்லெஸ்ஸில் ஒட்டாது. அவளுடைய ஸ்டோரில் கார்பனுக்குக் கறுப்புக் கோடு வேறு உண்டு.

ஒருமுறை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று இரண்டு வகையையும் சேர்த்தே மணல் அடித்துச் சுத்தம் செய்ய அனுப்பினாள். கோடுகள் அழிந்து, எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் திரும்பின. காந்தம் வைத்துப் பிரித்துக் கொடுத்தாள். அமிலக் குழாயில் மாட்டிப் பெயிண்டும் அடித்தாயிற்று. அமிலம் திறக்கும் நாளன்று காலை மனம் கேட்காமல் மறுபடி போய்ப் பார்த்தாள். முப்பத்தேழு ஃபிளாஞ்சுகளில் காந்தம் ஒட்டவில்லை. பம்புக்கு நேர் மேலே இருந்த ஒன்று மட்டும் லேசாக இழுத்தது. தடித்த பெயிண்டுக்கு அடியில் கார்பனும் அப்படித்தான் இழுக்கும். பம்படியில் நிற்பது அவளுடைய தம்பி.

"லேத்துல கடைசல் பிடிச்ச இடத்துல ஸ்டெயின்லெஸ்ஸும் கொஞ்சம் இழுக்கும்க்கா. நீ சொல்லித்தானே எனக்கே தெரியும்?"

"சொன்னேன். கழட்டுடா."

"மேனேஜர் என்னைத் தின்னுடுவாரு."

"முதல்ல என்னைத் தின்னட்டும். எலும்பு ஜாஸ்தி, நேரமாகும். அதுக்குள்ள கழட்டிடு."

மேனேஜர் வந்து கத்தினார். "யார் தப்பும்மா இது?"

"ரெண்டையும் ஒண்ணா அனுப்பினது நான்தான் சார்."

அரை நாள் தாமதம். விளக்கம் கேட்டு ஒரு கடிதம். வேறு ஃபிளாஞ்ச் மாட்டி அமிலம் ஓடியது. இதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளால் சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கழற்றியதை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள். ஸ்டெயின்லெஸ் என்றால் வீண் பயம். கார்பன் என்றால் தம்பி பிழைத்தது அவளால்.

"குடுக்கா, நான் கொண்டுபோறேன்" என்று தம்பி கை நீட்டினான்.

அவள் அதைத் துணியில் சுற்றித் தன் மேசையின் அடி இழுப்பறையில் வைத்தாள். ஆய்வுக்கூடம் ஸ்டோருக்கு எதிர்க் கட்டடம். ஓய்வு பெறும்வரை தினமும் அதன் வாசலைக் கடந்துதான் போய்வந்தாள். கடைசிவரை கொடுக்கவில்லை.