அழுகைக்காக ஜெபித்தேன்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, கண்ணீரை மாற்றும்படி நீங்கள் ஜெபிப்பீர்கள். நான் கண்ணீரைத் தரும்படி ஜெபித்தவள்.

காரைக்குடிக்கு ரயில் வருவதற்கு முந்தின காலம். புருஷன் முன்பே போய்விட்டார். வாந்திபேதியில் என் ஒரே மகன் தாவீதும் போய்விட்டான். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்கு வரும் பெண்கள், பறிகொடுத்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுவார்கள். எனக்கு அப்படி அழ ஆளில்லை. கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தவள் என்று பிறந்த வீட்டார் வாசலோடு திரும்பினார்கள். ஒப்பாரி வைப்பது அஞ்ஞானம், விசுவாசி அழக்கூடாது என்று உபதேசியார் சொல்லிவிட்டதால் சபையாரும் விறைத்து நின்றார்கள். நானும் ரோஷக்காரி. அழாமலே அடக்கத்தை முடித்தேன்.

அதன்பிறகு சோறு இறங்கவில்லை. தூக்கமில்லை. நெஞ்சு கல்லாய்க் கிடந்தது. ஊருணிக்குப் போனால் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இறங்கிவிடுவேனோ என்று எனக்கே பயம். ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு, ஆண்டவரே, அழுகையைக் கொடும், இல்லாவிட்டால் என்னை எடுத்துக்கொள்ளும் என்றேன்.

அன்று சாயங்காலம் வாசலில் ஞானம் நின்றாள். எங்கள் சபைதான், ஆனால் சேரிக்காரி. கோயிலில் எங்கள் சாதிக்குப் பாய், அவர்களுக்கு வெறுந்தரை. நடுவில் மூங்கில் தட்டி. எங்கள் படியை அவள் மிதித்ததே இல்லை. நானே உள்ளே கூப்பிட்டேன். வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழக்கூடாதாமே என்றேன்.

"லாசர் செத்ததுக்கு ஏசுசாமியே அழுதாரும்மா. உபதேசியாரு அவருக்கும் மேலயாக்கும்?"

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பின்னாலேயே அழுகை உடைத்துக்கொண்டது. விளக்கு வைக்கும்வரை இரண்டு பேரும் அழுதோம். அன்றைக்குக் கஞ்சி குடித்தேன். தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை தட்டியைத் தாண்டிப்போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கொழுந்தனார் எழுந்து வந்தார்.

"அங்குட்டு உக்காந்தா, இனி எங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு இங்குட்டு வராதீக அண்ணி."

"எனக்குக் கெட்டது வந்தப்ப ஒருத்தரும் என்னையத் தொடலையே தம்பி. பாயை நீங்களே வச்சுக்கிருங்க."

சொன்னபடி விலக்கிவைத்தார்கள். இன்றுவரை என் வீட்டில் அவர்கள் கைநனைப்பதில்லை. வேண்டாம். ஞானம் என் அடுப்படிவரை வருகிறாள். கர்த்தர் எனக்குப் புத்தியையும் தூக்கத்தையும் திருப்பிக் கொடுத்தார், அவருக்குத் தோத்திரம். அவர் அனுப்பிய ஆளை வாசலில் நிறுத்த நான் யார்?

சகோதரிகளே, நெஞ்சு அடைத்துக் கிடந்தால் அவரிடம் கேளுங்கள். ஆள் அனுப்புவார். வருகிறவளிடம் சாதி கேட்காதீர்கள். எங்கள் கோயிலில் தட்டி இன்னும் நிற்கிறது. நானும் அதற்கு அந்தப் பக்கம், ஞானத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.