அரிசி தின்றால் மழை வரும்

பச்சரிசி தின்கிற பெண்ணுக்குக் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்பார்கள். என் மனைவிக்குக் கொட்டியது. சித்திரை மாதம், ஊத்துக்கோட்டையில் தாலி கட்டிய கையோடு பிடித்த மழையில் சாம்பார் அண்டாவுக்குள்ளும் தண்ணீர். "அரிசி துன்னாத, துன்னாதன்னு தலபாடா அடிச்சிக்கினேன், கேட்டாளா?" என்று மாமியார் பந்தலையே சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். மூன்று வருடம் விடாமல் சிரித்தேன்.

கும்மிடிப்பூண்டியில் குடித்தனம் வைத்த பிறகும் அவள் அரிசி டப்பாவை விடவில்லை. துணி மடிக்கும்போது ஒரு பிடி, குழாயடிக்குப் போகும்போது ஒரு பிடி. "இன்னா, இன்னிக்கும் மழையா?" என்பேன். "சும்மா வாயில போட்டுக்கினு கீறேன், உங்களுக்கு இன்னா பேஜாரு?" என்பாள்.

உண்டானபின் படியேறினால் மூச்சு வாங்கியது, முகம் வெளுத்தது. மாசமாக இருந்தால் அப்படித்தான் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். ஆறாம் மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஏழு புள்ளி நான்கு. அதற்குக் கீழே ஃபெரிட்டின் என்று ஒரு வரி. ஐந்து என்று போட்டிருந்தது. அது என்னவென்றே எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு உருக்கும் கம்பெனியில் லேப் வேலை பார்ப்பவன். தினமும் இரும்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து எழுதுவதுதான் என் பிழைப்பு.

டாக்டரம்மா என் கம்பெனி பேட்ஜைப் பார்த்துவிட்டு எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். "ஹீமோகுளோபின் ஓட்டத்துல இருக்கற சரக்கு. ஃபெரிட்டின் குடோன் ஸ்டாக்கு. இவங்களுக்கு குடோனே காலி." பிறகு அவளிடம், "ஏம்மா, அரிசி, சாம்பல், மண்ணு எதனா தின்னணும்போல இருக்குதா?" என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். மழைக் கதையை அவிழ்த்துவிட்டேன், அண்டாவோடு சேர்த்து. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"அது கெட்ட பழக்கம் இல்ல சார். இரும்புச்சத்து கொறஞ்சா சில பேருக்கு அந்த மாதிரி ஆசை வரும். எத்தனை வருஷமா தின்றீங்கம்மா?"

"வயசுக்கு வந்ததுலேர்ந்து" என்றாள், ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள் போல.

என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொண்டே, பிரசவத்துக்குள் ஹீமோகுளோபின் பத்தையாவது தொட வேண்டும், இல்லாவிட்டால் இங்கே பார்க்க மாட்டேன், சென்னைக்குத்தான் அனுப்புவேன் என்றார். ரத்தம் கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் இந்த உடம்பு தாங்காது என்றார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உலையில் கார்பன் குறைந்தால் கரித்தூளைப் போட்டுக் கலக்கி, பத்து நிமிடத்தில் அடுத்த சாம்பிள் எடுத்துவிடுவோம். அதே புத்தி. ஒரே வாரத்தில் அவளை மறுபடி இழுத்துக்கொண்டு போனேன். ஏழு புள்ளி ஐந்து. "உங்க மிஷினே சரியில்ல" என்று ரத்தம் எடுத்தவரிடம் சண்டை போட்டேன். டாக்டரம்மா கூப்பிட்டார். "இது உலை இல்ல சார். அஞ்சு வாரம் கழிச்சி வாங்க. மாத்திரைய எதோட குடுக்கறீங்க?"

டீயோடுதான். தண்ணீரில் குமட்டுகிறது என்றாளே என்று நானே கடையிலிருந்து வாங்கி வந்து கொடுத்தேன். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது என்று அவர் சொன்னதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அதன்பின் எலுமிச்சம்பழச் சாறோடு கொடுத்தேன். காலையில் எழுந்ததும் அவள் கண் இமையை இழுத்துச் சிவப்பைத் தேடினேன். நகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "இன்னாங்க, நான் இன்னா கம்பியா? ஆள வுடுங்க" என்று கையை உதறினாள். சாப்பிடும்போதும் பயம்தான், ஷிப்டிலும் பயம்தான்.

ஐந்தாவது வாரம் ரிப்போர்ட் கவரை வாங்கிக்கொண்டு வந்தேன். பிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏறிக்கீதுங்க, பயப்படாதீங்க" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பத்து நாளா அரிசி டப்பாவ நான் தொறக்கவே இல்லயே. நீங்க பாக்கலயா?"

கவருக்குள் பத்து புள்ளி ஒன்று இருந்தது. மூன்று வருடம் அந்த டப்பா திறந்தபோதெல்லாம் பார்த்துச் சிரித்தவன், அது மூடிக் கிடந்த பத்து நாளையும் பார்க்கவில்லை.