கோணிப்போன பீங்கான் வளையம்

எனக்கு அறுபத்தெட்டு வயது. பெற்றது மூன்று, தங்கை போன பிறகு அவள் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. யாரிடமும் கைநீட்டாமல், விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்குச் சாயம் தீட்டியே வளர்த்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கோடை விடுமுறையில், எங்கள் ஊரில் ஒரு சின்ன மியூசியத்தில் குடும்பத்தோடு கைவேலை செய்யக் கூப்பிட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டே போகிறது, குருவிகளுக்குத் தண்ணீர்க் கிண்ணம் கட்டலாம் என்று. சூளையில் கோணிப்போனதால் ஒதுக்கிய பீங்கான் வளையத்தில் சணல் கட்டி, அதில் கிண்ணத்தை உட்கார வைக்க வேண்டும். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே பிளாஸ்டிக் கூடாதென்று வாசலில் ஒரு பெண் கவர்களை வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் மகளோடு நின்றவர், மங்கலம்பேட்டையிலிருந்து வந்திருந்த பாய் வீட்டு அம்மா. ஒரு கவரை மட்டும் கொடுக்கவில்லை. “தொழிலுக்கு வேணும்மா, வெளியில எடுக்க மாட்டேன்” என்று கெஞ்சினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “பூமி சூடாவுதுன்னு கூப்ட்டா, அந்தச் சூட்டையே பையில கட்டிக்கினு வந்துட்டியேம்மா!” என்றேன். வரிசையே சிரித்தது. அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

உள்ளே, எனக்குத்தான் பீங்கான் தெரியுமே என்ற மிதப்பு. “இந்தா, நம்மூரு வளையலு” என்று ஒரு தடித்த வளையத்தைப் பேத்தியின் கையில் மாட்டினேன். சற்று இறுக்கம்தான். அழுத்தினேன், மணிக்கட்டுக்குப் போய்விட்டது. திரும்பி வரவில்லை.

முதலில் சிரித்தோம். சோப்பு போட்டு இழுத்தேன். தோல் உரிந்தது. இழுக்க இழுக்கக் கை வீங்கியது. “ஆயா, எரியுது ஆயா!” என்று குழந்தை வீறிட்டாள். விரல் நுனி நீலமாக ஆரம்பித்தது. ஒருவர் சுத்தியலோடு ஓடி வந்தார்.

“வேணாங்க!” என்று கத்திவிட்டேன். பீங்கான் உடைந்தால் கத்தி. என் உள்ளங்கையிலேயே அதன் தழும்பு இருக்கிறது. அடியில் இருப்பதோ பிள்ளையின் நரம்பு. யாரோ ஆட்டோ பிடிக்க ஓடினார்கள். ஆட்டோ வரவில்லை. மகனுக்கு என்ன பதில் சொல்வேன்?

“பெரியம்மா, இழுக்காதீங்க. கைய வுடுங்க.”

அதே அம்மாதான். பேத்தியின் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். இன்னும் இன்னும் என்று காக்க வைத்தார். நீலம் லேசாகக் கலைந்ததும் பையிலிருந்து அந்தக் கவரை எடுத்தார். வளையத்துக்கும் தோலுக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக அதை நுழைத்து, விரல்வரை மூடினார்.

“நான் வூடு வூடா போயி வளையலு போட்டு வுடுறவ பெரியம்மா. கண்ணாடி வளையலு ஒடையாம ஏத்தி எறக்க இதுதான். பாப்பா, உனக்குப் பச்சையா, செவப்பா?”

“செ... செவப்பு.”

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினார். எலும்பு மேட்டில் வளையம் நின்றது. குழந்தை மூச்சைப் பிடித்தாள், நானும். ஒரு திருப்பு. வழுக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் விழுந்தது.

அந்த அம்மா கவரைத் துடைத்து மடித்தார். “சூடு என் பையிலயே இருக்கட்டும் பெரியம்மா” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் துளி கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சுடுகிறது.

அந்த வளையத்தில்தான் எங்கள் வீட்டுக் குருவிக் கிண்ணம் தொங்குகிறது. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம், அடுத்தவர் பையில் இருப்பது எதற்கென்று தெரியாமல் வாயைத் திறக்காதே என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

பாப்பா, இங்கே வா. இதை ஒருதரம் சத்தமாகப் படி. வாசலில் ஆயா சொன்னதை மட்டும் விழுங்கிவிடாமல் படி.