யாழ்ப்பாணத்து நான்கு மணி

போன ஞாயிறு அக்கா பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினேன். பட்டுவேட்டியோடு மாமா அக்காவுக்குத் தண்ணீர் வார்க்கிறார். தலையில் கௌபாய் தொப்பி! மாமாவின் பழைய இசைக்குழுவின் கதையை ஏன் இன்னும் ஒருவரும் எழுதவில்லை என்று அந்த நொடியில்தான் தோன்றியது.

மாமா அம்மாவின் தம்பி. அகதியாக ஜெர்மனியின் பீலெஃபெல்டுக்கு வந்து, தொழிற்சாலையில் கூட வேலை செய்த நான்கு ஜெர்மன்காரரோடு சேர்ந்து அமெரிக்க கன்ட்ரி பாட்டுக்கு பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியம் வாசித்தவர். சுற்றுவட்டாரத்தில் அவர்கள் வாசிக்காத கோடைவிழா இல்லை, ரேடியோவிலும் வந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு மட்டும் அது ‘தொப்பிக் கூத்து’.

அக்கா பெரியபிள்ளையானபோது நான் நான்காம் வகுப்பு. தாய்மாமன்தான் முதலில் தண்ணீர் வார்க்கவேண்டும். ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கத்தைப் பார்த்து அம்மா நேரம் வைத்தார்: சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணி. அதே நான்கு மணிக்குப் பக்கத்து ஊரில் மாமாவின் கச்சேரி.

“அக்கா, இந்த ஒருக்கா நேரத்தை மாத்துங்கோவன்” என்று மாமா அம்மாவிடம் கேட்டார்.

“ஏலாது. உனக்கு மருமகள் பெரிசோ, தொப்பி பெரிசோ?”

மாமா வாதாடவில்லை. “சரி, வாறன்” என்றார். அன்று தேத்தண்ணீரைக் குடிக்காமல் ஆறவிட்டார்.

பள்ளியில் எங்களுக்கு அப்போதுதான் உலக நேரங்களைப் படிப்பித்திருந்தார்கள். நான் பஞ்சாங்கத்தை எட்டிப் பார்த்தேன்.

“அம்மா, இது யாழ்ப்பாணத்தில அடிச்சதுதானே? அப்ப இது எந்த ஊர் நாலு மணி?”

அம்மா ஐயருக்கு ஃபோன் எடுத்து, “ஓம் ஐயா… ஓம்…” என்று குரல் இறங்கி இறங்கி, கடைசியில் வைத்தார்.

“இங்க பன்னிரண்டரையாம்.”

அப்பா சிரித்தார். “நல்லகாலம், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினது!”

மாமா என்னைத் தூக்கியவர் இறக்கவேயில்லை. அவர் கன்னம் ஈரமாக இருந்தது. ஒரு கழித்தல் கணக்குக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சனிக்கிழமை குழுவின் வான் வாசலில் ஹோர்ன் அடிக்க, அவசரத்தில் தொப்பியோடேயே வார்த்தார். அம்மா ஏசவில்லை, சரிந்த தொப்பியைத் தானே நிமிர்த்திவிட்டார்.

இந்த ஞாயிறு கேட்டபோதுதான் மாமா சொன்னார்: குழுவின் பாடகருக்கு அடுத்த கிழமை தொண்டையில் ஒப்பரேஷன் இருந்ததாம், பிறகு பாடமுடியாதென்று முதலே தெரியுமாம். அன்றைக்கு வாசித்ததுதான் அவர்களின் கடைசிக் கச்சேரி.

“அதை ஏன் மாமா அம்மாட்டச் சொல்லேல்லை?”

“சொன்னா அக்கா நல்லநேரத்தை விட்டுத் தந்திருப்பா. அதுதான்.”

அவருடைய நிலவறையில் இரண்டு பெட்டி நிறைய கசெட்டுகள் இருக்கின்றன. வருகிற சனிக்கிழமை ஒலிப்பதிவுக் கருவியோடு குழுவில் டிரம்ஸ் வாசித்தவரிடம் போகிறேன். முதல் கேள்வி ரெடி: அந்தக் கடைசிக் கச்சேரிக்கு மாமா வராமல் விட்டிருந்தால், அவருடைய பாஞ்சோவை யாரிடம் கொடுத்திருப்பீர்கள்?